வைத்தியருக்கு ஆசான் யார்?

ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் கடலோரமாக நீண்டு கிடக்கும் வட சென்னையில், குழந்தைக்கு ஜுரம் கண்டாலும், கிழவருக்கு மூச்சு இரைத்தாலும், தொழிலாளியின் கையில் கொப்புளம் எழும்பினாலும், முதலில் நாடி பிடித்துப் பார்க்கிறவர் பெரிய ஆஸ்பத்திரியின் புரொபஸர் அல்லர். கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர், அல்லது தெருக்கோடியில் ஒற்றை அறையில் அமர்ந்திருக்கும் குடும்ப வைத்தியர், இவ்விருவரில் ஒருவரே பெரும்பாலும் அவர். நாளை அந்த நாற்காலியில் அமரப் போகும் இளைஞருக்கும் யுவதிக்கும் அந்த வேலையைக் கற்பிக்கிறவர் யார்? கற்பிக்கத் தகுதியுடையவர் என்று அவரை அங்கீகரித்தது யார்? இவ்விரு கேள்விகளுக்கும் நமது தேசத்தின் விதிகளில் திருப்தியான விடை இல்லை. அதனால் விளையும் நஷ்டம் டாக்டர்களுடையது மட்டுமன்று, ஏழை ஜனங்களுடையது. ஆகவே இவ்விஷயத்தைச் சிறிது விரிவாக ஆராய விரும்புகிறோம்.

இந்தப் பிரதேசத்துக்கும் வைத்தியப் படிப்புக்கும் உள்ள உறவு புதிதன்று. 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று ஜனங்கள் அழைத்து வந்ததன் காரணமும் இதுவே. ராயபுரம் வைத்தியப் பள்ளிக்கூடத்தில் தேறிய எல்.எம்.பி. வைத்தியர்கள், பட்டணத்துப் பேட்டைகளிலும் தூரத்துக் கிராமங்களிலும் சென்று தொழில் நடத்தினார்கள். பட்டதாரிகள் எட்டிப் பாராத ஊர்களில் அவர்களே ஜனங்களுக்குக் கதியாக இருந்தார்கள். 1938-ல் அப்பள்ளிக்கூடம் கல்லூரியாயிற்று. அந்தஸ்து உயர்ந்தது, அதுகுறித்து மகிழாதவர் இல்லை. ஆனால் பேட்டையின் வைத்தியம் பேட்டையிலேயே கற்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அந்த உயர்வோடு கூடவே வளரவில்லை.

1943-ல் ஸர் ஜோஸப் போர் தலைமையில் நியமிக்கப்பட்டு 1946-ல் அறிக்கை சமர்ப்பித்த கமிட்டியை வாசகர்களுக்கு நினைவூட்டுகிறோம். நமது டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியாரும் அதில் ஓர் அங்கத்தினர். அன்று தேசத்தில் பதிவு செய்திருந்த 47,524 வைத்தியர்களில் 29,870 பேர் எல்.எம்.பி. போன்ற பட்டயம் பெற்றவர்களே என்று அக்கமிட்டி கணக்கிட்டது. ஆயினும் இனிமேல் பட்டதாரி வைத்தியர் என்ற ஒரே வகைதான் இருக்க வேண்டும் என்று பெரும்பான்மையோர் தீர்மானித்தார்கள். சில அங்கத்தினர்கள் இதை ஒப்பாமல் மாறுபட்டார்கள். வரப் போகும் பட்டதாரி, நோயை மட்டும் பாராமல் நோயாளியின் வீட்டையும் தொழிலையும் ஊரையும் பார்க்கும் 'சமூக வைத்தியராக' விளங்க வேண்டும் என்பதும், அதற்கென மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்பதும் கமிட்டியின் சிபார்சு. உத்தேசம் மிகச் சிறந்ததுதான். எனினும் சமூக வைத்தியரை உண்டாக்கச் சமூகத்தில் இருக்கும் ஆசான் வேண்டும். அவரை எங்கே தேடுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அன்று முதல் இன்று வரை தீராமலே நிற்கிறது.

முயற்சிகள் நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. ஸ்ரீவாஸ்தவா கமிட்டி 1975-ல் அறிக்கை தந்தது. 1977-ல் ஒவ்வொரு வைத்தியக் கல்லூரியும் மூன்று கிராம வட்டாரங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் திட்டம் வந்தது. மாணவர்களை ஏற்றிச் செல்ல வண்டிகளும் வந்தன. ஆனால் வண்டி போய்ச் சேர்ந்த இடத்திலிருந்த டாக்டருக்கு ஆசிரியர் என்ற அந்தஸ்து வரவில்லை. நாளடைவில் திட்டம் தேய்ந்தது.

இன்றைய நிலைமை என்ன? 2020-ல் அமலுக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் வகுத்த விதிகளின்படி, படிப்பு முடிந்த மாணவர் 12 மாத காலம் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்ற வேண்டும். அதில் 12 வாரம் சமூக மருத்துவத்துக்கு உரியது. முதல் வருஷம் முதற்கொண்டே மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களுடைய சுகாதாரத்தைக் கவனித்து வர வேண்டும் என்றும் ஏற்பாடு இருக்கிறது. மேற்பட்டம் படிக்கிறவர்கள் மூன்று மாதம் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் பணியாற்ற வேண்டும் என்பதும் விதியே. வாரங்களையும் மாதங்களையும் சட்டம் கணக்கோடு அளந்து தருகிறது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாணவரை ஏற்றுக்கொள்ளும் டாக்டருக்கு என்ன யோக்கியதை வேண்டும், கற்பிக்கும் முறையை அவர் எங்கே கற்றார், அதற்காக அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் எவ்வளவு, ஊதியம் எவ்வளவு, அவர் சரியாகக் கற்பிக்கவில்லையானால் கேட்பவர் யார் என்பவற்றையெல்லாம் ஒழுங்கு செய்யும் முழுமையான முறை ஏற்படவில்லை. வாத்தியார் இன்னாரென்று கேளாமல் மாணவரின் வருகைப் பதிவை மட்டும் பார்க்கும் பள்ளிக்கூடத்தை எந்தத் தகப்பனார் ஒப்புக்கொள்வார்?

2025-ல் வெளிவந்த ஆசிரியர் தகுதி விதிகள் ஒரு கதவைத் திறந்தன. 220 படுக்கைகளுக்குக் குறையாத சர்க்கார் ஆஸ்பத்திரியில் பணியாற்றும் மேற்பட்டம் பெற்ற டாக்டர், கல்லூரியில் வேலை பாராதவராயினும், இரண்டு வருஷ அனுபவத்தில் உதவிப் பேராசிரியராகவும் பத்து வருஷ அனுபவத்தில் இணைப் பேராசிரியராகவும் ஆகலாம் என்று அவ்விதிகள் கூறின. கல்லூரிச் சுவருக்கு வெளியேயும் ஆசான் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது வரையில் இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அளவுகோல் மறுபடியும் படுக்கையே. ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளி படுக்கையில் கிடப்பவர் அல்லர். காலையில் சீட்டு வாங்கி, மருந்து பெற்று, வேலைக்கோ வீட்டுக்கோ திரும்புகிறவர். படுக்கையை எண்ணி ஆசானைத் தேடினால் இந்த வைத்தியத்தின் ஆசான் ஒருநாளும் அகப்பட மாட்டார்.

இது வெறும் அந்தஸ்துத் தகராறு என்று சிலர் நினைக்கக்கூடும். அன்று. 1700-ல் இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு 'உமது தொழில் என்ன?' என்ற கேள்வியையும் சேர்க்கும்படி வைத்தியர்களை வேண்டினார். அந்தக் கேள்வி வட சென்னைக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர், காசிமேட்டில் வலை இழுக்கிறவர், மணலியில் எண்ணெய்க் குழாய்களுக்கிடையே உழைக்கிறவர், கன்டெய்னர் லாரியில் இரவு முழுதும் விழித்திருக்கிறவர் ஆகிய நால்வரும் 'இருமல்' என்ற ஒரே சொல்லைத்தான் டாக்டரிடம் சொல்லுவார்கள். ஆனால் நான்கும் நான்கு வேறு இருமல்களாக இருக்கக்கூடும். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளி நோயின் பெயரோடு படுத்திருக்கிறார். இங்கேயோ பெயரில்லாத நோயோடு எதிரில் நிற்கிறார். பெயரில்லாததைப் பகுத்தறிவது தனி வித்தை. அதைக் கற்பிக்கத் தனி ஆசான் வேண்டும்.

2023 டிசம்பரில் நிகழ்ந்தவற்றை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. மீனவர்கள் அதைத் தங்கள் கைகளாலேயே வாரி எடுத்தார்கள். அம்மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து மூச்சுத் திணறிய ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் முதல் நாள் வேலைக்கு வரும் இளம் டாக்டர், அரிப்போடு வந்து நிற்கும் மீனவரிடம் சொறிக்குரிய களிம்பைக் கொடுத்து அனுப்புவதும், 'ஆற்றில் இறங்கினீரா?' என்று கேட்பதும், பக்கத்தில் இருந்து வழிகாட்டுகிறவரைப் பொறுத்தது. பாட புத்தகம் அந்தக் கேள்வியைக் கொடுக்கலாம். அதைக் கேட்கும் பழக்கத்தைக் கொடுக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியோர் சொன்னது வைத்தியக் கல்விக்கும் பொருந்தும்.

அத்தகைய வழிகாட்டிகள் நம்மிடையே இல்லையா? இருந்தார்கள், இருக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் ஸ்டான்லியில் படித்த டாக்டர் திருவேங்கடம் ஆகிய இருவரையும் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்று வட சென்னை கொண்டாடிற்று. முன்னவர் 2018-லும் பின்னவர் 2020-லும் காலமானார்கள். அவர்களுடைய தயாள குணத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். அவர்களுடைய வித்தையை யார் பேசினார்கள்? ஒரே பேட்டையில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, பாட்டி, மகள், பேத்தி என மூன்று தலைமுறைகளின் உடல்வாகை அறிந்த வைத்தியருக்கு, எந்தக் கல்லூரியும் கற்பிக்க முடியாத ஞானம் சேர்ந்துவிடுகிறது. எந்த நோயாளியை உடனே ஸ்டான்லிக்கு அனுப்ப வேண்டும், யாரைத் தைரியம் சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், யார் மருந்துக்குக் காசில்லாமல் பொய் சொல்லுகிறார் என்பதெல்லாம் அந்த ஞானத்தில் அடக்கம். அப்படிப்பட்டவரைத் தேடிச் சென்று, சோதித்து, 'நீர் இளம் வைத்தியர்களுக்கு ஆசான்' என்று அங்கீகரிக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஆகவே அந்த வித்தை அவர்களோடு மறைகிறது. நாம் மலர்வளையம் வைத்துவிட்டுத் திரும்புகிறோம்.

பிற தேசங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1976-ல் இயற்றிய சட்டத்தின் பயனாக, 1982 முதல் குடும்ப வைத்தியராக விரும்புகிறவர் மூன்று வருஷப் பயிற்சி பெறுவது கட்டாயமாயிற்று. அதில் ஒரு பகுதியைக் குடும்ப வைத்தியர் ஒருவருடைய வைத்தியசாலையிலேயே கழிக்க வேண்டும். ஆனால் எல்லாக் குடும்ப வைத்தியரும் ஆசானாகிவிட முடியாது. ஆசானாக விரும்புகிறவர் மனுச் செய்து, கற்பிக்கும் முறையில் பயிற்சி பெற வேண்டும். அவருடைய வைத்தியசாலையையும் நோயாளிகளின் குறிப்பேடுகளையும் வந்து பார்க்கிறார்கள். கொடுத்த அங்கீகாரமும் ஆயுள் பரியந்தம் நிற்பதன்று. காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் இவ்விதமே அங்கீகாரமும் ஊதியமும் உண்டு. நம் நாட்டு வைத்தியர்கள் பலர் இங்கிலாந்தில் இத்தகைய ஆசான்களாக அங்கீகாரம் பெற்று அந்நாட்டு இளைஞர்களுக்குக் கற்பித்து வருகிறார்கள். அங்கே ஆசானாகத் தகுதியுள்ளவர் இங்கே இருந்திருந்தால் அவரை ஆசானென்று சொல்ல ஒரு ரிஜிஸ்தரும் இருந்திராது. இதைவிட நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறென்ன?

உள்நாட்டிலும் வித்து இல்லாமல் இல்லை. குடும்ப மருத்துவத்துக்கென்று தேசிய தேர்வு வாரியத்தின் மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி குடும்ப மருத்துவத்தைத் தனித் துறையாகவே வளர்த்திருக்கிறது. ஆனால் தேசத்தின் தேவைக்கு இவை சிறு அளவு.

நாம் சார்ந்த வக்கீல் தொழிலின் அனுபவத்தையும் இங்கே கூறுவது பொருத்தமாகும். 1961-ம் வருஷத்து அட்வொகேட் சட்டத்தில், சன்னது பெறுமுன் பயிற்சி வேண்டும் என்ற ஷரத்து இருந்தது. 1973-ல் அதை எடுத்துவிட்டார்கள். 1995-ல் பார் கவுன்சில் பயிற்சியை மறுபடி புகுத்த விதி செய்தது. அவ்விதி சட்டத்தின் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஆகையால் இன்று நல்ல சீனியர் கிடைப்பதும் கிடைக்காததும் ஜூனியரின் அதிர்ஷ்டம். கிடைத்தவர் தேறுகிறார், கிடைக்காதவர் கட்சிக்காரரின் செலவில் கற்றுக்கொள்கிறார். வக்கீல் தவறினால் அப்பீல் உண்டு. வைத்தியர் தவறினால் எந்தக் கோர்ட்டுக்குப் போய் உயிரைத் திரும்பக் கேட்பது? அதிர்ஷ்டத்துக்கு விடத்தகாத விஷயம் இது.

ஆகவே நமது யோசனைகளைத் தெளிவாக முன்வைக்கிறோம். முதலாவது, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குடும்ப வைத்தியசாலைகளிலும் 'அங்கீகாரம் பெற்ற மேற்பார்வை ஆசிரியர்' என்ற பதவி ஏற்பட வேண்டும். ஒரே இடத்தில் குறிப்பிட்ட சில வருஷங்களாவது தொடர்ந்து பணியாற்றியிருப்பதே அதற்கு முதல் யோக்கியதை. இரண்டாவது, மனுச் செய்கிறவருக்கு, கற்பிக்கும் முறையில் குறுகிய காலப் பயிற்சி அளிக்க வேண்டும். நல்ல வைத்தியரெல்லாம் நல்ல ஆசானாகிவிடுவதில்லை. மாணவர் நோயாளியைச் சோதிக்கையில் குறுக்கிடாமல் கவனிப்பதும், பிறகு தவறைச் சுட்டுவதும், சுட்டுகையில் நோயாளியின் எதிரில் அவமானப்படுத்தாதிருப்பதும் கற்க வேண்டிய வித்தைகளே. மூன்றாவது, நிலையத்தையே நேரில் பார்வையிட வேண்டும். அங்கே நோயாளிகளின் குறிப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா, மாணவர் உட்கார நாற்காலியும் பெண் மாணவருக்குப் பாதுகாப்பான அறையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பார்வையிடுவோரில் அனுபவமிக்க ஒரு நர்ஸும் இருப்பது அவசியம். நிலையத்தின் உண்மை நிலை டாக்டரைவிட நர்ஸுக்கே நன்றாகத் தெரியும். நான்காவது, ஓர் ஆசானிடம் ஒரு சமயத்தில் ஓரிருவருக்குமேல் அனுப்பலாகாது. ஐந்தாவது, கற்பிக்கும் நேரம் வேலை நேரமாகக் கருதப்பட்டு, அதற்குத் தனிப் படியும் வழங்கப்பட வேண்டும். ஆறாவது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அங்கீகாரத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அப்பொழுது மாணவர்களின் அபிப்பிராயத்தை, பெயரை வெளியிடாமல், கேட்க வேண்டும். நர்ஸுகளுக்கும் நகர சுகாதாரச் செவிலியர்களுக்கும் பயிற்சி தருகிறவர்களுக்கும் இம்முறை விரிய வேண்டும்.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்களை நாம் அறிவோம். 'வாசல் வரை வரிசை நிற்கையில் டாக்டர் எப்படிப் பாடம் நடத்துவார்?' என்பது ஒன்று. நியாயமான கேள்வி. கற்பிக்கும் வேளையில் மற்றொரு டாக்டரை நியமிக்காமல் இத்திட்டத்தை நடத்தினால், ஆசானும் கெடுவார், மாணவரும் கெடுவார், நோயாளிகளும் கஷ்டப்படுவார்கள். ஆனால் இன்று மட்டும் என்ன நடக்கிறது? வரிசையைக் குறைப்பதற்காக ஹவுஸ் சர்ஜன் தனியே உட்கார்ந்து சீட்டு எழுதுவதும், அல்லது மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதற்குரிய ஓய்வுக் காலமாக அந்த வாரங்களைக் கழிப்பதும் பல இடங்களில் சகஜமாகிவிட்டன. தற்காலிகப் பதிவு மட்டும் பெற்றவர் பிறர் மேற்பார்வையில்தான் வைத்தியம் செய்யலாம் என்பது சட்டம். மேற்பார்வை பெயரளவில் இருந்தால் சட்டமும் பெயரளவில்தான் இருக்கிறது.

'மேற்பட்டம் இல்லாத மெடிக்கல் ஆபீஸர் ஆசானாகலாமா?' என்பது மற்றொன்று. மேற்பட்டத்தை நாம் அவமதிக்கவில்லை. ஆனால் இருதய நிபுணர் இருதயத்தைக் கற்பிக்கட்டும். திருவொற்றியூரின் குடித்தனங்களில் நீரிழிவும் காசநோயும் கடனும் ஒரே வீட்டில் வசிப்பதை, அங்கே இருபது வருஷம் வைத்தியம் பார்த்தவர் கற்பிக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

'அங்கீகாரம் என்றால் சிபார்சுக் கடிதம் என்று பொருளாகிவிடும்' என்று சந்தேகிக்கிறவர்களும் உண்டு. நம் நாட்டு நிலைமையை அறிந்தவர்கள் இச்சந்தேகத்தை அலட்சியம் செய்ய முடியாது. பரிகாரம் பகிரங்கமே. யோக்கியதைகளை முன்கூட்டிப் பிரசுரிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவித்து, குறையை நீக்கி மீண்டும் மனுச் செய்ய இடமளிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்களின் ஜாபிதா எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

இவை யாவற்றிலும் முக்கியமான ஆட்சேபம் நோயாளியினுடையது. 'ஏழைகளின் உடல்தான் கற்றுக்கொள்ள அகப்பட்டதா?' என்று அவர் கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியதுதான். சம்மதம் கேட்காமல் எந்த நோயாளியையும் மாணவரிடம் அனுப்பலாகாது. மறுக்கிறவருக்குச் சிகிச்சையில் எள்ளளவும் குறை வைக்கலாகாது. ஆனால் ஆசானுடைய கண் எதிரில் கற்பது நோயாளிக்கு ஆபத்தன்று. அதுவே அவருக்குக் காவல். ஆசான் இல்லாமல் கற்பதே ஆபத்து. அந்த ஆபத்தை இன்று மௌனமாகச் சுமப்பவர்கள் அந்த ஏழைகளே.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதிலும் குழப்பம் வேண்டாம். கல்வித் தராதரத்தை நிர்ணயிப்பது மத்தியச் சட்டத்தின் பொறுப்பு. ஆகவே மேற்பார்வை ஆசிரியர் பதவியைத் தேசிய மருத்துவ ஆணையம் தன் விதிகளில் சேர்க்க வேண்டும். ஆனால் பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலத்தின் கையிலேயே இருக்கின்றன. டாக்டர்களுக்கு நேரம் ஒதுக்குவதற்கும், படி வழங்குவதற்கும், கற்பிக்கும் பயிற்சி தருவதற்கும் டெல்லியின் உத்தரவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 1939-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கே வைத்தியத்தைக் கொண்டு சென்றதும் தமிழ் நாடே. வைத்தியம் ஜனங்களைத் தேடிச் செல்லலாமென்றால், வைத்தியக் கல்வியும் அவர்களைத் தேடிச் செல்வதில் என்ன தடை?

வட சென்னையிலேயே இதைத் தொடங்கலாம். ஸ்டான்லி கல்லூரி, கார்ப்பரேஷன் சுகாதார இலாகா, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகம் ஆகிய மூன்றும் கூடி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் நிலையங்களில் தகுதியான சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷம் நடத்திப் பார்க்கட்டும். குறைகள் தெரிந்தால் திருத்தட்டும். நன்மை தெரிந்தால் மாநிலம் முழுவதும் பரப்பட்டும்.

கடைசியாக, அந்தப் பேட்டைகளில் பேரும் புகழும் இல்லாமல் உழைத்துவரும் வைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் விதி செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களிடம் வரும் ஹவுஸ் சர்ஜனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். அவரைக் கேள்வி கேட்கச் செய்யுங்கள், நீங்களும் கேளுங்கள். விதி வந்து உங்களை ஆசானென்று எழுதுவது பிறகு நடக்கும். ஆனால் அந்த விதியைக் கொண்டுவரும் கடமை சர்க்காருடையது. அதை அவர்கள் இனியும் தள்ளிப்போடுவது தகாது.